பொறுமை எதுவரை?

நோயாளி ஒருவர்மீது எரிந்து விழுந்த தாதியைப் பற்றி நாம் எல்லோரும் பேசுவோம். முறைப்பாடு எழுதுவோம், பத்திரிகைக்கும் கடிதம் போடுவோம். ஆனால் ஒரு தாதி இன்னொரு தாதியை நாள்தோறும் சொல்லாலும் செயலாலும் வாட்டி எடுப்பது வெளியார் கண்ணில் படுவதில்லை. பட்டாலும், அது அவர்களுக்குள் உள்ள விவகாரம், பெண்கள் பலர் கூடும் இடத்தில் இருப்பதுதானே என்று ஒதுக்கிவிடுகிறோம். (ஆண்கள் பலர் கூடும் இடத்தில் இதைவிட மோசமாக நடப்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம்.)

வாசகரே, உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ வைத்தியசாலையிற் கடமையாற்றும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். மூன்று வருடம் கஷ்டப்பட்டுப் படித்து, வெள்ளைச் சீருடை அணிந்து, குடும்பமே பெருமைப்பட முதல் நாள் வேலைக்குப் போன பிள்ளை, ஆறு மாதத்தில் சோறு தின்னாமலும் நித்திரை கொள்ளாமலும் மெலிந்துபோனால், வேலைப்பழு என்றே எண்ணுகிறோம். வேலைப்பழு மெய்தான். ஆனால் அதற்குப் பின்னால் வேறொன்றும் இருக்கலாம் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

வதை என்றவுடன் அடியையும் உதையையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். ஓர் இளந்தாதியின் நாளை மனத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் இரவுத் தாதி கடமையை ஒப்படைக்கும்போது, பன்னிரண்டாம் கட்டில் நோயாளிக்கு இரவில் சீனி இறங்கிப் போன செய்தி எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. இவளுக்கு மாத்திரம் சொல்லப்படவில்லை. டொக்டர் வந்து கேட்கும்போது இவள் விழித்துக்கொண்டு நிற்கிறாள். மூத்த தாதி ஒருவர் மற்றவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறார். மருந்தின் அளவைப் பற்றி இவள் ஒரு சந்தேகம் கேட்டால், "இதுகூடச் சொல்லித் தராமலா அனுப்பினவை?" என்று நோயாளிகள் கேட்கத்தக்கதாகப் பதில் வருகிறது. தேநீர் வேளையில் ஒருத்தியிடம் மனந்திறந்து சொன்ன வீட்டுக் கதை மறுநாள் வாட்டு முழுவதும் உலாவுகிறது. கடமைப் பட்டியலைப் பார்த்தால் இந்த முறையும் நத்தார் இரவு இவளுக்குத்தான் நைற் டியூட்டி. சென்ற ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் அப்படியே.

இவற்றில் எதையும் தனியே எடுத்துச் சொன்னால் சின்ன விஷயமாகவே தோன்றும். மேலிடத்தில் போய், "அவ புருவத்தை உயர்த்தினவ" என்று முறையிட முடியுமா? முறையிட்டவளே நகைப்புக்கு இடமாவாள். இந்த வதையின் பலமே அங்கேதான் இருக்கிறது. அதன் ஒவ்வொரு துளியும் தண்ணீர் போலவே இருக்கும். ஆனால் துளி நிற்பதில்லை. சுவீடனில் 1980களில் இந்த விவகாரத்தை முறையாக ஆராய்ந்த ஹைன்ஸ் லேமன் என்னும் உளவியலாளர், வாரம் ஒரு தடவையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்து நடப்பதையே இவ்வகை வதை என்று கணக்கெடுத்தார். ஒருநாள் கோபத்தில் ஏசுவது வேறு. ஒருவரைக் குறிவைத்து நாளும் பொழுதும் செய்வது வேறு. இந்த வேறுபாட்டை நாட்டின் விதியாகவே 1993இல் சுவீடன் ஏற்றுக்கொண்டது. தொழில் வழங்குநர் தமது இடத்தில் இது நடவாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே கட்டளை பிறந்தது.

தாதியர் உலகத்துக்கு இது பழைய செய்தி. 1986இல் ஜூடித் மைஸ்னர் என்னும் அமெரிக்கத் தாதி, நாம் நமது குஞ்சுகளையே தின்கிறோமா என்று தம் தொழிலாரைப் பார்த்துக் கேட்டு ஒரு தாதியர் சஞ்சிகையில் எழுதினார். அந்தக் கேள்வி இன்றும் தாதியர் மத்தியில் உயிரோடு இருக்கிறது.

அன்பும் இரக்கமும் தொழிலின் இலட்சணமாக இருக்கும் ஓரிடத்தில் ஏன் இப்படி நடக்கிறது? 1983இல் சூசன் ஜோ றொபேட்ஸ் என்பவர் ஒரு விளக்கம் தந்தார். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிறேயர் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிக் கூறியதை அவர் தாதியருக்குப் பொருத்திக் காட்டினார். மேலே டொக்டர்மாரும் நிர்வாகமும் இருக்கின்றனர். அவர்கள் ஏசினால் திருப்பிச் சொல்ல முடியாது. தாதியின் அறிவுக்கும் அனுபவத்துக்கும் உரிய இடம் கொடுக்கப்படுவதில்லை. அடக்கிவைத்த கோபம் மேலே போக வழியின்றிப் பக்கத்திலும் கீழேயும் பாய்கிறது. டொக்டரிடம் ஏச்சு வாங்கிய சிஸ்ரர் மூத்த தாதியை ஏசுகிறார். அவர் இளந்தாதியை ஏசுகிறார். இளந்தாதி சிற்றூழியரை ஏசுகிறாள். அவர் நோயாளியின் உறவினரைப் படலையில் மறித்து வைத்து ஏசுகிறார். பார்வையாளர் நேரத்தில் வாசலில் நின்ற எவரும் இந்தச் சங்கிலியின் கடைசி வளையத்தைக் கண்டிருப்பர்.

இந்த விளக்கம் பெருமளவில் சரி என்றே எனக்குப் படுகிறது. இருவர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் செய்யும் வாட்டில், நிலத்திலும் நோயாளிகள் படுத்திருக்கும் வாட்டில், மனிதர் சுபாவம் கெடுவது அதிசயமன்று. ஆனால் ஒரு செயலுக்குக் காரணம் காட்டுவது ஒன்று, அதை நியாயப்படுத்துவது வேறொன்று. அதே வாட்டில், அதே ஏச்சை வாங்கி, அதே சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டு, புதிதாக வந்த பிள்ளையை அருகில் அழைத்து, "தங்கச்சி, பயப்பிடாதை, இந்த முறை நான் செய்யிறன், பார்த்துக்கொள்" என்று சொல்லும் அக்காமாரும் இருக்கிறார்கள். அவர்களும் அதே அமுக்கத்துக்குள்தான் இருக்கிறார்கள். ஆகவே அமுக்கம் மாத்திரம் ஒருவரைக் கொடியவராக்கிவிடுவதில்லை. எங்கோ ஓரிடத்தில் அவரது மனமும் சம்மதம் கொடுத்திருக்கிறது.

மூத்தவர்களின் பக்க நியாயத்தையும் நாம் கேட்கத்தான் வேண்டும். "கண்டிப்பு இல்லாட்டில் உயிர் போகும்" என்பார்கள். அது பொய்யன்று. தசமப் புள்ளி ஒன்று இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகும். கை கழுவாமல் புண்ணைத் தொட்டால் நோய் பரவும். இத்தகைய இடத்தில் தவறைக் கண்டு இனிமையாகச் சிரித்துக்கொண்டு நிற்பவர் நல்ல ஆசிரியரல்லர். சத்தம்போட்டுத் தடுக்க வேண்டிய வேளையும் உண்டு. ஊசி ஏறப்போகும் கணத்தில் நாகரிகம் பார்க்க முடியாது.

அப்படியானால் கண்டிப்புக்கும் கொடுமைக்கும் எல்லை எங்கே? குரலின் உயரத்தை அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மெல்லிய குரலில் கொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்டிப்பு தவறை நோக்கிப் போகிறது. தவறு திருந்தியவுடன் நின்றுவிடுகிறது. கொடுமை ஆளை நோக்கிப் போகிறது. திருந்திய பின்னும் நிற்பதில்லை, திருந்துவதற்கு வேண்டிய அறிவைக்கூடக் கொடுப்பதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் கிழவிகள் சொல்வார்களே, அதை இங்கே உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம். ஒரே தவறைச் செய்த இருவரில் ஒருத்திக்கு மாத்திரம் ஏச்சு விழுமானால் அங்கே நடப்பது கற்பித்தல் அன்று. தகவலை மறைத்து வைத்துவிட்டு, அறியாமைக்காகத் தண்டிப்பது எந்தக் கல்லூரியிலும் பாடமுறை அன்று.

உயிரைக் காக்கவே கடுமை என்னும் வாதம் இன்னோர் இடத்திலும் இடறுகிறது. பயந்த தாதி கேள்வி கேட்கமாட்டாள். டிக்கெற்றில் எழுதியிருக்கும் மருந்தின் அளவு கூடிப்போய்விட்டதோ என்று அவள் மனம் சொல்லும். ஆனால் கேட்டால் எள்ளி நகையாடுவார்களே என்று வாய் மூடிக்கொள்ளும். 2003இல் அமெரிக்காவில், பாதுகாப்பாக மருந்து வழங்குவது பற்றி ஆராயும் நிறுவனம் ஒன்று தாதியர், மருந்தாளர் முதலியோரிடம் விசாரித்தபோது, முன்பு ஒருமுறை மிரட்டப்பட்ட அனுபவம், மருந்துக் கட்டளையில் சந்தேகம் வந்தால் தாம் நடந்துகொள்ளும் முறையையே மாற்றிவிட்டது என்று ஏறக்குறையப் பாதிப்பேர் சொன்னார்கள். 2008 ஜூலையில், அந்நாட்டில் வைத்தியசாலைகளுக்குத் தராதரம் வழங்கும் சபை, ஊழியரிடையே நடக்கும் மிரட்டலும் அவமதிப்பும் நோயாளரின் உயிருக்கே ஆபத்து என்று எல்லா வைத்தியசாலைகளையும் எச்சரித்தது.

இஸ்ரேலில் செய்த ஒரு பரிசோதனை இன்னும் தெளிவானது, 2015இல் வெளியானது. குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் 24 குழுக்களை, ஒவ்வொன்றிலும் ஒரு டொக்டரும் இரு தாதியருமாக, எடுத்துக்கொண்டார்கள். பொம்மைக் குழந்தை ஒன்றுக்குத் திடீரென நோய் கடுமையாவதாக வைத்து அவர்களது வேலையைக் கவனித்தார்கள். சில குழுக்களுக்கு முன்னால் வெளிநாட்டு நிபுணர் என்று சொல்லப்பட்ட ஒருவர், அந்நாட்டு வைத்தியத்தின் தரத்தைப் பற்றி இழிவாக இரண்டொரு வார்த்தை சொன்னார். அவ்வளவே. யாரையும் பெயர் சொல்லி ஏசவில்லை. அந்த இழிசொல்லைக் கேட்ட குழுக்கள் நோயை அறிவதிலும் கைவேலை செய்வதிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கின. இரண்டு வார்த்தைக்கு இது கதியென்றால், வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவரின் கையில் ஒப்படைக்கப்பட்ட நோயாளியின் கதி என்ன?

இனி, மூத்தவர்களின் மற்றொரு வாதம்: "நாங்கள் படிக்கேக்கை இதைவிட எவ்வளவு பட்டனாங்கள். பட்டபடியால்தான் வேலை பழகினது." பகிடிவதைக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லப்படும் நியாயமும் இதுவே. இந்தப் பேச்சில் இரண்டு பிழைகள் கலந்திருக்கின்றன. முதலாவது, பட்டதும் பழகியதும் ஒரே காலத்தில் நடந்தபடியால் ஒன்றால் மற்றது வந்ததென்று எண்ணுவது. பட்டும் பழகாமல் தொழிலை விட்டுப் போனவர்கள் இன்று அந்த அறையில் இல்லை. அவர்களின் சாட்சியம் கேட்கப்படுவதில்லை. இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. நான் பட்ட துன்பம் ஒரு கடன். யாராவது அதைத் தீர்த்தாக வேண்டும் என்னும் எண்ணம் அது. கடன்பட்டவரோ இளைப்பாறிப் போய்விட்டார் அல்லது இறந்துவிட்டார். அந்தக் கணக்கை ஒன்றும் அறியாத இருபத்துமூன்று வயதுப் பிள்ளையின் தலையில் எழுதுகிறோம். கணக்கு எழுதத் தெரிந்த எவரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

இப்போது கத்தோலிக்கக் குடும்பங்களாகிய நமக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருவோம். நம் பிள்ளை கண்ணீரோடு வந்து சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோம்? "பொறுத்துக்கொள் பிள்ளை. ஆண்டவருக்கு ஒப்புக்கொடு. அவர் படாத பாடா?" நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆயினும் ஆண்டவர் பட்ட பாட்டை நாம் முழுவதும் வாசித்தோமா? ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன அவரையே, தலைமைக்குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் அறைந்தான். புனித அருளப்பர் தமது நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இதை எழுதியிருக்கிறார். அப்போது ஆண்டவர் திருப்பி அடிக்கவுமில்லை. மௌனமாக மறு கன்னத்தைக் காட்டவுமில்லை. தாம் பேசியது தவறென்றால் தவறை எடுத்துக்காட்டும்படியும், சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்றும் அவனையே கேட்டார்.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியற் பெருநூலில் இதே சம்பவத்தை எடுத்துக்காட்டித்தான் நமது கேள்விக்கு மறுமொழி கூறுகிறார். பொறுத்துக்கொள்ள மனம் ஆயத்தமாய் இருக்க வேண்டும். ஆனால் எல்லா வேளையிலும் வாய்மூடிப் பொறுக்கும் கடமை இல்லை என்கிறார். இகழ்பவனின் துணிச்சல் வளர்ந்து அவனே கெட்டுப்போகாதிருக்கவும், மற்றவர்களுக்குத் தீங்கு வராதிருக்கவும் எதிர்த்துப் பேச வேண்டிய சமயம் உண்டு. என் மானம் போய்விட்டதே என்ற ஆத்திரத்தில் அன்றி அளவோடு பேச வேண்டும் என்பது அவர் வைக்கும் நிபந்தனை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நாவினால் செய்யும் அநீதிகளை அவர் முகத்துக்கு நேரே இகழ்தல், புறங்கூறல், நட்பைப் பிரிக்கக் கோள் சொல்லல், எள்ளி நகையாடல் என்று பிரித்துத் தனித்தனியே ஆராய்கிறார். இன்றைய ஆராய்ச்சியாளர் தாதியர் வாட்டுகளில் எண்ணிக் கண்ட பல வகைகள் அந்தப் பட்டியலுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. புறங்கூறுவதைத் தடுக்கக்கூடியவராய் இருந்தும் கேட்டு இரசிப்பவரும் அந்தக் குற்றத்தில் பங்குகொள்கிறார் என்று சொல்லவும் அவர் தவறவில்லை.

அந்தப் பங்காளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இளந்தாதி ஏச்சு வாங்கும்போது மருந்து ட்ரொலியை அடுக்குவதுபோலக் குனிந்து நிற்கும் மற்ற நால்வரை நான் சொல்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நாளைக்கு அந்தக் குறி தம்மேல் திரும்பிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. இருந்தாலும் ஏசுகிறவர் ஒருவர், ஏச்சு வாங்குகிறவர் ஒருவர். நடப்பதைத் தீர்மானிப்பது இந்த நால்வரே. ஒருத்தி அருகில் போய் நின்றாலே போதும், ஒன்றும் பேசவும் தேவையில்லை, குரல் தணிந்துவிடும்.

சரி, வதைபடும் பிள்ளை செய்யக்கூடியது என்ன? அமெரிக்காவில் பொஸ்ரன் நகரில் மார்த்தா கிறிபின் என்னும் தாதி ஆசிரியை செய்து 2004இல் வெளியிட்ட முயற்சி ஒன்று என் மனத்துக்குப் பிடித்தது. புதிதாக வேலைக்கு வந்த 26 தாதியருக்கு, இவ்வகை வதை எப்படி எப்படியெல்லாம் வரும், வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து, மறுமொழிகளைச் சிறு அட்டையில் அச்சிட்டு, அடையாள அட்டையோடு சேர்த்து அணியக் கொடுத்தார். ஒரு வருடத்தின் பின் விசாரித்தபோது 12 பேர் தமக்கே அது நேர்ந்ததாகச் சொன்னார்கள். பன்னிருவரும் நேரே பேசியிருந்தார்கள். பேசியபின் அது நின்றுபோயிருந்தது. 26 பேர் என்பது சிறிய தொகை, இதைக்கொண்டு பெரிய தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆயினும் இதன் தத்துவம் நம் பாட்டிமாருக்கும் தெரிந்ததுதான். அவமானப்படும் கணத்தில் நா வறண்டுவிடும். சொல்லவேண்டியது இரவு படுக்கையில்தான் நினைவுக்கு வரும். ஆகவே முன்பே பாடமாக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

என்ன சொல்வது? சண்டைக்கு இழுக்காத சிறிய வசனங்கள் போதும். புருவம் உயர்ந்தால், தனியே கண்டு, "அக்கா, நீங்கள் என்னட்டை ஏதோ சொல்ல நினைச்சமாதிரி இருந்தது, நேரை சொன்னால் எனக்கு உதவியா இருக்கும்" எனலாம். தகவல் மறைக்கப்பட்டால், "பன்னிரண்டாம் கட்டில் விஷயம் எனக்குத் தெரியாமல் போச்சு. நாளையிலிருந்து ஒப்படைக்கேக்கை நானும் நிக்கிறன்" எனலாம். இல்லாத ஒருவரைப் பற்றிக் கதை எழுந்தால், "அவ இல்லாத நேரம் நான் இதைக் கதைக்கமாட்டன்" என்று எழுந்துவிடலாம். மரியாதை குறையாது, ஆனால் கண்டுகொண்டேன் என்பது எதிரிலிருப்பவருக்கு விளங்கிவிடும். தாம் செய்வது இன்னொருவரை எவ்வளவு நோகச் செய்கிறது என்று அறியாமலே செய்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இதுவே போதும்.

போதாதவர்களும் உண்டு. அதற்காகத்தான் கொப்பி. திகதி, நேரம், நடந்தது, சொன்ன வார்த்தை, நின்றவர்கள், நோயாளிக்கு ஏதும் பாதிப்பு நேர்ந்ததா என்பவற்றை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். அபிப்பிராயம் எழுதத் தேவையில்லை. துளித் துளியாக விழுந்ததைக் குடமாக்கிக் காட்டுவது அந்தக் கொப்பிதான். பின்பு தனியே பேச வேண்டும். கேளாவிட்டால் சாட்சிக்கு ஒருவர் இருவரோடு பேச வேண்டும். அதற்கும் கேளாவிட்டால் பொறுப்பானவர்களிடம் போக வேண்டும். மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரம் சகோதரனைத் திருத்தச் சொல்லும் ஒழுங்கும் இதுவே. வாட்டுப் பொறுப்புச் சிஸ்ரர், மேற்றன், வைத்திய அத்தியட்சகர் என்று படிப்படியாக, எழுத்தில், பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். வதைப்பவர் சிஸ்ரரே ஆனால் அந்தப் படியைத் தாண்டத்தான் வேண்டும். தொழிற்சங்கத்தில் அங்கத்தவராக இருப்பதன் பலனை இந்த வேளையில் கேட்டுப் பெறலாம். சந்தா கட்டுவது சம்பள உயர்வுக்கு மாத்திரமல்லவே.

சட்டம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். நமது நாட்டின் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. ஆனால் அது கல்வி நிறுவனங்களுக்கு உரியது. படிக்கும் காலத்தில் குற்றமாக இருப்பது வேலைக்கு வந்தபின் பழக்கவழக்கமாகிவிடும் விந்தையை என்னென்பது! சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2019இல் நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயம், வன்முறையும் தொந்தரவும் இல்லாத இடத்தில் வேலை செய்வதை ஒவ்வொருவரின் உரிமையாகவே ஏற்றுக்கொண்டது. அது 2021 ஜூன் 25ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. நம் தொழிற்சங்கங்கள் மேசையில் வைத்துப் பேசத்தக்க பத்திரம் அது.

மேலதிகாரிகளுக்கும் ஒன்று உண்டு. கடமைப் பட்டியலை எல்லோரும் பார்க்கத்தக்க முறையில், சுழற்சியாகப் போடுங்கள். வாட்டுகளில் நடக்கும் மனக்கசப்பிற் பாதி அந்தத் தாளில்தான் பிறக்கிறது. புதிதாக வருபவருக்கு ஒரு மூத்தவரைப் பெயர் குறித்துத் துணையாக விடுங்கள். யாரிடம் கேள்வி கேட்கலாம் என்பதாவது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

பெற்றோரே, எல்லாம் செய்தும் சரிவராமற் போகலாம். அப்போது இடமாற்றம் கேட்பதோ, வேலையை விடுவதோ தோல்வியன்று. "அரசாங்க உத்தியோகம், பென்சன் இருக்கு, விடாதை" என்று நாம் பிடித்த பிடியில் பிள்ளையின் நித்திரையும் புத்தியும் போய்விட்டால், பென்சனை யார் அனுபவிப்பது? 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நம் தாதியர் பலர் வெளிநாடு போனார்கள். அங்கே போனால் இது இருக்காது என்று எண்ணிப் போகிறவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும், மேலே கண்ட ஆராய்ச்சிகள் எல்லாம் வெளிநாட்டு வைத்தியசாலைகளில் நடந்தவைதாம்.

பிள்ளை வேலையால் வந்து ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தால், உடனே புத்தி சொல்லத் தொடங்காதீர்கள். முதலில் சோற்றைப் போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். "யார் சரி, யார் பிழை" என்ற விசாரணை பிறகு நடக்கட்டும். நித்திரையின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு வந்தாலோ, தாமதியாமல் மனநல வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். தாதிக்கே வைத்தியமா என்று அயலார் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அவள் எழுதிவரும் அந்தக் கொப்பியை அவளாகத் தந்தால் மாத்திரம் வாங்கி வாசியுங்கள்.